கையை விட்டு நகர்ந்தால்தான் காசு நிற்கும்

சென்னையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவரிடம் மாதம் எவ்வளவு சேர்க்கிறார் என்று கேட்டால், "வர்றது வாய்க்கும் வயித்துக்குமே சரியாப் போகுது" என்பார். பொய் சொல்லவில்லை. ஆனால் அதே மனிதர் தண்டல்காரருக்கு நாள் தவறாமல் நூறு ரூபாய் கட்டிக்கொண்டிருப்பார். தண்டல் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும், கத்தரிக்காய் வாடிப்போனாலும் அந்த நூறு போய்விடும்.

வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் கரைந்துகொண்டு வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக அவர் கையில் நின்ற கடன் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால், ஆண்டுக் கணக்கில் 80 சதவீதத்தைத் தொடுகிறது. வங்கியில் தனிநபர் கடன் வாங்குகிறவர் கட்டும் வட்டியைப் போல நாலைந்து மடங்கு. அந்த நூறு ரூபாயை ஒரே ஒரு சுற்று, நூறு நாள், தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால் அடுத்த முதலுக்குத் தண்டலே வேண்டியதில்லை.

நாள்தோறும் நூறு ரூபாய் எடுத்து வைக்கும் வலு அவரிடம் இருக்கிறது என்பதற்குத் தண்டல் நோட்டே சாட்சி. தனக்காகச் சேர்க்கும்போது மட்டும் ஏன் முடியவில்லை? தண்டலுக்கு மாலையானால் வண்டியருகே ஒருவர் வந்து நிற்கிறார். சேமிப்புக்கு அப்படி வந்து கேட்க ஆள் இல்லை. நம் ஊரில் நிலைத்து நிற்கும் சேமிப்பு முறைகள் அத்தனையையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பணத்தை நம் கையிலிருந்து நகர்த்துவது யார், அந்த வேலைக்கு எவ்வளவு கூலி எடுத்துக்கொள்கிறார், கேட்கும் நாளில் பணம் திரும்பி வருமா? சிக்கனம், மனக்கட்டுப்பாடு என்று பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் நாம் எழுதிய எதுவும் இந்த மூன்று கேள்விக்குப் பக்கத்தில் வராது.

பழையதிலிருந்து தொடங்கலாம். சிறுவாடு. கணவர் தரும் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, பால் மாட்டுக் காசு, பிறந்த வீட்டில் அண்ணன் கையில் வைத்து அழுத்தியது எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் போய்ச் சேரும். இதற்கு வசூல்காரர் இல்லை, ரகசியம்தான் காவல். யாருக்கும் தெரியாத பணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்த இரவிலும், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்திலும் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தது இந்தப் பணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் 2016 நவம்பர் 8 இரவு அந்த ரகசியம் உடைந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்ததை வீட்டு ஆண்களிடமே எடுத்துக் கொடுத்து மாற்றிவரச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டரை லட்சம் வரை போடும் இல்லத்தரசிகளிடம் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசு அறிவித்தது. வீட்டுக்குள் எழுந்த கேள்விகளுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. அது அடிக்கடி வரும் ஆபத்து இல்லைதான். தினசரி ஆபத்து வேறு. விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால், பானையில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய் பத்து ஆண்டு கழித்து இன்றைய ஆறாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் சாமான் வாங்கித் தரும். ஒரு மாதச் செலவுக்கான ரொக்கம் வீட்டில் இருக்கட்டும். அதற்கு மேல் இருப்பது ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கிறது.

வாசலுக்கு வந்து சேமிப்பை வாங்கிப் போகும் யோசனை புதிதல்ல. 1928-ல் உடுப்பியில் சிண்டிகேட் வங்கியை வளர்த்த டி.எம்.ஏ. பய், தினம் இரண்டணா வாங்கிப் போக முகவர்களை வீடு வீடாக அனுப்பினார். 'பிக்மி' என்ற அந்தத் திட்டம் கடலோரக் கர்நாடகத்தின் நெசவாளிகளையும் சிறு கடைக்காரர்களையும் வங்கிக்குள் கொண்டுவந்தது. தண்டல்காரர் செய்யும் அதே வேலைதான், திசைதான் வேறு. இன்று அந்த ஆள் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டார். செல்பேசியே போதும் என்று வங்கிகள் நினைக்கின்றன. செல்பேசியோ இதுவரை செலவழிக்கத்தான் அதிகம் உதவியிருக்கிறது. டீக்கும் வடைக்கும் யு.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிட்டு நகரும்போது, நூறு ரூபாய் நோட்டை மாற்றும்போது வரும் தயக்கம் வருவதில்லை.

இனி சீட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களின் நல்லது கெட்டது பலவும் சீட்டுப் பணத்தில்தான் நடந்திருக்கிறது. இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம். முப்பதாயிரம் தள்ளி, எழுபதாயிரத்துக்கு எடுக்கிறார். தள்ளிய முப்பதாயிரத்தில் சீட்டுப் பிடிப்பவர் கமிஷன் ஐயாயிரம் போக, மீதி இருபத்தைந்தாயிரத்தை இருபது பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 1,250. அந்த மாதம் எல்லோரும் ஐயாயிரத்துக்குப் பதில் 3,750 கட்டினால் போதும். மாதம் போகப் போக அவசரம் குறையும், தள்ளும் தொகையும் குறையும். கடைசி வரை காத்திருக்கும் ஒருவர் மொத்தம் 84,000 கட்டி, கமிஷன் போக 95,000 வாங்குகிறார் என்றால், ஆண்டு வட்டியாக அது 15 சதவீதத்துக்கும் மேல். எந்த வங்கியும் இதைத் தராது.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் மாதம் முப்பதாயிரம் தள்ளி எடுத்தவரின் நெருக்கடியிலிருந்து வந்தது. அவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. இரண்டையும் ஒரே மேசையில் முடித்துவைப்பதால்தான் ஈடு கேட்கும் வங்கியைவிட மக்கள் சீட்டை நம்புகிறார்கள். இருபது பேரும் ஒரே தெரு, ஒரே அலுவலகம். கட்டாமல் விட்டால் முகத்தில் விழிக்க முடியாது. அந்தக் கூச்சம்தான் இங்கே வசூல்காரர்.

கூச்சத்தால் மட்டும் ஒரு லட்சத்தைக் காக்க முடியாது. முன்னால் எடுத்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதும், சீட்டுப் பிடித்தவரே ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதும் நம் தெருக்களுக்குப் புதிதில்லை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. அதன்படி சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெற்று, சீட்டுப் பதிவாளரிடம் பதிவுசெய்து, ஈடும் வைக்க வேண்டும். 2019 திருத்தம் நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. பதிவுசெய்த சீட்டில் பிரச்சினை வந்தால் பதிவாளரிடம் போகலாம். பதிவில்லாத தெருச்சீட்டில் அந்த வாசல் கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் போட்ட கையெழுத்தோடு காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதுதான். என் முடிவு இது: சீட்டுப் போடுவதானால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெருச்சீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், போனால் குடும்பம் குலையாத தொகையோடு நிறுத்துங்கள்.

நகைச்சீட்டில் கட்டாயம் இன்னும் இனிப்பாக வருகிறது. பெண்ணுக்குச் சேர்க்கிறோம் என்ற நிறைவு கட்டவைக்கும். பெரும்பாலான கடைகளில் பதினோரு மாதக் கணக்கு. பொருளுக்கென்று வாங்கும் முன்பணத்தை ஒரு நிறுவனம் 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014-ல் வந்த விதி சொல்கிறது. அதற்குள் முடிப்பதற்காகவே பதினோரு மாதம். சேதாரத்தில் தள்ளுபடி கிடைப்பது உண்மைதான், நகை வாங்கியே ஆக வேண்டிய வீட்டுக்கு அது லாபம். ஆனால் சேமிப்பு என்று நினைத்து நகை வாங்குபவர் ஒரு கணக்குப் போட வேண்டும். நூறு ரூபாய்த் தங்கத்துக்குச் சேதாரம் 12 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம் என்றால், கையை விட்டுப் போவது 115 ரூபாய். திருப்பி விற்கும்போது எடைக்குத்தான் விலை. தங்கம் 15 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட முதல் திரும்பும். அண்மை ஆண்டுகளில் தங்கம் ஏறிய வேகத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. சேமிப்புக்குத்தான் தங்கம் என்றால் கல் வைக்காத, சேதாரம் குறைந்த நாணயமோ, பங்குச்சந்தையில் கிடைக்கும் தங்க இ.டி.எஃப்.போ அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும். கழுத்தில் போட்டு அழகு பார்க்க வாங்குவது தனி மகிழ்ச்சி, அதைத் தனிக் கணக்கில் வைக்கலாம். நகைச்சீட்டில் கட்டிய பணத்துக்கு அரசுக் காப்பீடு எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கடை மூடினால் கட்டியவர் கடன்காரர் வரிசையில் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் அஞ்சலகத்துக்கு வந்தால் மூச்சு சீராகிறது. 1882-ல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குப் பின்னால் நிற்பது அரசே. ஐந்தாண்டுத் தொடர் வைப்பு, நாம் ஆர்.டி. என்று சொல்வது, மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 2023 அக்டோபரில் வந்த 6.7 சதவீத வட்டியில் மாதம் ஆயிரம் கட்டினால், கட்டிய 60,000 ஐந்தாண்டு முடிவில் 71,366 ஆகும். சீட்டின் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இது சிறியதுதான், ஆனால் யாருடைய நெருக்கடியிலிருந்தும் பிடுங்கியது இல்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமலும் போகாது.

இதன் கட்டாயம் அளவானது. ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுபோகும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு கட்டியபின் இருப்பில் பாதிவரை கடன் எடுக்கலாம். மூன்றாண்டுக்குப் பிறகு இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் கிடைக்கும். விட்டுவிட்டுப் போகத் தோன்றும் அளவுக்குக் கடினமும் இல்லை, நினைத்த நேரத்தில் எடுக்கும் அளவுக்கு இளக்கமும் இல்லை. இதற்கு மேல் மகளிர் முகவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பணத்தை வாங்கி, அட்டையில் பதிந்து, அஞ்சலகத்தில் கட்டிவிடுவார்கள். அவர்களுக்கான கமிஷனை அரசு தருகிறது, நம் பணத்திலிருந்து பிடிப்பதில்லை. வசூல்காரர் வாசலுக்கு வருகிறார், கூலியும் நம்மிடம் கேட்பதில்லை, பணத்துக்கு அரசு பொறுப்பு. மூன்று கேள்விக்கும் இவ்வளவு நல்ல பதில் சொல்லும் வேறு ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று: முகவர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் போதாது, அவ்வப்போது அஞ்சலகத்துக்குப் போய்ப் பாஸ் புத்தகத்தில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும்.

நீண்ட காலத்துக்கு 15 ஆண்டு பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. தமிழ்நாடு அஞ்சல் வட்டம் 'பொன்மகன்' என்று பெயர் சூட்டியது இதைத்தான், புதுத் திட்டம் என்று நினைக்க வேண்டாம். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு 2015-ல் வந்த செல்வமகள் திட்டம். ஆண்டுக்கு 250 ரூபாயில் தொடங்கலாம், 15 ஆண்டு கட்டினால் போதும், 21 ஆண்டில் முதிரும். 2024 ஜனவரியில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தபோது சிறுசேமிப்புத் திட்டங்களில் முன்வரிசையில் நின்றது. பெண் பிறந்த வீட்டில் முதலில் திறக்க வேண்டிய கணக்கு இது, காதுகுத்துக்கு முன்பே.

மாதச் சம்பளக்காரர்களுக்குப் பி.எஃப். சம்பளம் கைக்கு வருமுன்பே அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12 சதவீதம் போய்விடுகிறது, முதலாளியும் அதே அளவு போடுகிறார். இதை விடப் பலமான கட்டாயம் கிடையாது. திருப்பூர் போன்ற ஊர்களில் வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் பெரிய இழப்பு. பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல அங்கே யாராவது வேண்டும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள், வாரமோ மாதமோ ஒரு சிறு தொகை, அதிலிருந்தே உள்கடன், பிறகு வங்கிக் கடன். சீட்டின் கூச்சமும் வங்கியின் கணக்கும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. வருத்தம் என்னவென்றால் பல குழுக்களில் சேமிப்பு பின்னுக்குப் போய், கடன் வாங்குவதே குழுவின் வேலையாகிவிட்டது. தவணை கட்ட நுண்கடன் நிறுவனத்திடம் வாங்கி, அந்தத் தவணைக்கு இன்னொன்றிடம் வாங்கும் பெண்களுக்கு, வாசலுக்கு வரும் வசூல்காரர் மறுபடியும் தண்டல்காரராகவே மாறிவிடுகிறார்.

மொய்யையும் இதில் சேர்க்கத்தான் வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் கறிச்சோறு போட்டு லட்சக்கணக்கில் வசூலிக்கிறார்கள். நோட்டில் ஏறிய ஒவ்வொரு பெயருக்கும் திருப்பிச் செய்தாக வேண்டும். வட்டியில்லாத கைமாற்று என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வதில் நியாயம் உண்டு. மொத்தமாக வந்த பணம் கிணறு வெட்டவோ கடை வைக்கவோ போனால் அது முதல், சடங்குச் செலவிலேயே கரைந்தால் பல ஆண்டுக் கடன்.

பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்குச் சென்னையின் வரலாறே கடுமையான பாடம். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி மூழ்கியபோது, வெள்ளைக்காரன் கம்பெனி என்று நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்த வேதனையிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் முன்நின்று 1907-ல் இந்தியன் வங்கியை உருவாக்கினார்கள். தொண்ணூறு ஆண்டு கழித்து நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்தன, 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மாதம் பத்து, இருபது சதவீதம் என்ற வாக்குறுதியை நம்பி வீட்டை விற்றுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். வங்கி ஆண்டுக்குத் தருவதை ஒருவர் மாதத்தில் தருகிறார் என்றால், அது நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தரும் வேலை.

இதில் நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. வங்கியில், கூட்டுறவு வங்கிகள் உட்பட, ஒருவர் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது. கிராமத்தில் நாம் சாதாரணமாக 'பேங்க்' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் இந்தக் காப்பீட்டில் வராது. நகைக்கடனுக்கு அங்கே போவது சரி, ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கேயே வைப்பது சரியில்லை.

செலவைக் குறைப்பது பற்றி இதுவரை பேசவில்லை. அதில் பெரிய பலன் இருக்கும் இடங்கள் சிலதான். மின்சாரம் ஒன்று. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியின் சலுகையும் பறிபோகிறது. பிறகு கட்டணம் உயர்ந்தபோதும் இந்தப் படிக்கட்டு அப்படியே தொடர்ந்தது. ஏ.சி. ஓடும் வீட்டில் கணக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் போய்ப் பார்க்கும் பழக்கம், மாதமெல்லாம் விளக்கை அணைத்துத் திரிவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். வெளிக்கடை விலைக்கு வித்தியாசம் ஊரறிந்தது.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதம் தொடங்கியது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த 888 எங்கே போனது என்பதுதான் என் கவலை. பெரும்பகுதி பாலுக்கும் பழத்துக்கும் பிள்ளைகளுக்கும் போயிருக்கும், போக வேண்டியதுதான். ஆனால் மிச்சமான பணத்துக்கு அன்றே ஒரு இடம் சொல்லாவிட்டால் அது சேமிப்பாவதில்லை. பேருந்துக் கட்டணத்தில் நின்ற காசு ஒரு 500 ரூபாய் ஆர்.டி.யாக மாறியிருந்தால் ஐந்தாண்டில் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

ஆகவே வரிசை என்று கேட்டால், முதலில் தண்டல், மீட்டர் வட்டி, செயலிக் கடன் எல்லாவற்றையும் அடைப்பது. 80 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டே 6.7 சதவீதத்துக்குச் சேர்ப்பதில் பொருளில்லை. அடுத்து, வேலை போனாலும் உடம்பு படுத்தாலும் மூன்று மாதம் தள்ளும் தொகை, வங்கிச் சேமிப்புக் கணக்கில். இது இல்லாதவர்தான் ஏலச்சீட்டை முப்பதாயிரம் தள்ளி எடுக்கிறார், ஆர்.டி.யை நடுவில் உடைக்கிறார். மூன்றாவதாக ஆர்.டி.யும் செல்வமகளும். நகையும் பரஸ்பர நிதியும் அதற்குப் பிறகு.

பணம் வந்த மறுநாளே அது நகர வேண்டும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பர் 15 முதல் மாதம்தோறும் பெண்களின் கணக்கிலேயே விழத் தொடங்கியபோது, 16-ஆம் தேதி அதிலிருந்து ஒரு பகுதியைத் தானாக ஆர்.டி.க்கு மாற்றும்படி வங்கியில் ஒரு படிவம் எழுதிக்கொடுத்த பெண்கள் நல்ல வேலை செய்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறுவாட்டின் உயிர் ரகசியம் என்று பார்த்தோம். வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி வீட்டில் இருக்கும் ஒரே செல்பேசிக்கு, பெரும்பாலும் கணவரின் எண்ணுக்கு, போகிறது. வரவும் இருப்பும் அவர் கையில் மின்னும்போது, "அந்த ரெண்டாயிரத்த எடு, அடுத்த வாரம் தர்றேன்" என்ற பேச்சு வராமல் இருக்காது. கணக்குத் தொடங்கும்போதே சொந்த எண்ணைக் கொடுங்கள். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் ஆதாரோடு கிளைக்குப் போய் எண்ணை மாற்ற எழுதிக்கொடுங்கள். வாரிசு நியமனப் பகுதியையும் அன்றே நிரப்பிவிட்டு வாருங்கள்.